வட்டி இல்லாத பத்திரம்

ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஒருவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள், அதன் நிபந்தனைகள் பிடிக்கவில்லை என்றால், காரணத்தை எழுதித் திருப்பிக் கொடுத்துவிடலாம். முத்திரைச் செலவையும், அதுவரை இருந்த காப்புக்கான சிறு தொகையையும் கழித்துக்கொண்டு, கட்டிய பணத்தைத் தந்தாக வேண்டும். விதி இவ்வளவுதான். புரியாத சொல் இதில் எதுவும் இல்லை. வேலைக்காலம் முழுவதும் கருவூலத்தில் உட்கார்ந்து விதிகளைப் படித்தவன் என்பதால் சொல்கிறேன், பெரும்பாலான விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. நான் சந்தேகப்படுவது அவற்றின் நடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு சொல்லைத்தான். இந்த விதியில் அது ‘கிடைத்த’ என்ற சொல். யார் கைக்குக் கிடைத்தது என்று கேட்க ஆரம்பித்தால்தான் ஆம்பூரில் என் பக்கத்து வீட்டில் நடந்தது விளங்கும்.

பக்கத்து வீட்டம்மா ஒரு காலணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைக் கையில் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் கோணியிருந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். பத்தாவது தேறியவர். தமிழும் உருதும் படிப்பார். காய்கறிக்காரருக்குக் கைபேசியில் பணம் அனுப்புவார். அவர் கணவர் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர், மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து வந்தன. காட்பாடிப் பக்கம் நர்சிங் படிக்கும் ஒரே மகளுக்கு நான்கு வருடக் கட்டணம் அந்தப் பணம்தான். வேறு வழியில் அந்தப் பெண் படித்து முடிக்க முடியாது என்பது தெருவுக்கே தெரியும்.

பணம் வங்கியில் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. வருடம் முடிந்ததும் அவர் பாஸ்புக்கோடு என் வீட்டு வாசலுக்கு வருவார்.

“இதுல வட்டி எவ்ளோ ஏறியிருக்குது சார்?”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டிச் சொல்வேன். அந்தத் தொகையை மட்டும் எடுத்து யாராவது இல்லாதவருக்குக் கொடுத்துவிடுவார். வீட்டு அரிசிக்கு அதைத் தொடமாட்டார். கொடுப்பதில் புண்ணியம் உண்டு என்றும் கணக்கு வைக்கக்கூடாதாம். ‘அது நம்ம பணமே இல்ல சார், அதுல இன்னா நன்மை வரும்’ என்பார். கூட்டிச் சொல்லும்போது நான் ஒவ்வொரு முறையும் ஒரே கிண்டலைச் செய்வேன்: “வங்கிக்காரன் நல்லவன்ம்மா, உங்களுக்குப் பாவம் ஜாஸ்தி சேரக்கூடாதுன்னு வட்டிய கம்மி பண்ணிக்கினே வர்றான்.” அவர் மரியாதைக்குச் சிரிப்பார்.

ஒரு நாள் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில் நிதி விழிப்புணர்வு முகாம் நடந்தது. ஓய்வுபெற்ற அலுவலர் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முகாம். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து விடிகாலையிலேயே கம்பெனி பஸ்ஸில் கிளம்பி வந்த பெண்கள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். பின்னால் பேனர். முன்னால் புகைப்படம் எடுப்பவர். நான் வாரிசு நியமனம் பற்றிப் பேசினேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்துப் பேசியவர் அங்கே கணக்கு வைத்திருக்கும் தனியார் வங்கியின் விற்பனை அதிகாரி. முப்பது வயதிருக்கும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், சேமிப்பே பாதுகாப்பு என்று நன்றாகவே பேசினார்.

கடைசியில் கேள்வி நேரம். பக்கத்து வீட்டம்மாதான் எழுந்தார்.

“வட்டி இல்லாம பணத்த வெக்கறதுக்கு எதுனா வழி இருக்குதா?”

அதுவரை சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாதிப் பேர் நிமிர்ந்தார்கள். “ஆமா, அத கேளு” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

“இருக்குது காலா. நானே வூட்டுக்கு வந்து சொல்றேன்” என்றார் அதிகாரி. சித்தி முறையில் உள்ளவரை அவர்கள் காலா என்பார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

வகுப்பில் கேட்கிறவர்கள் குறிப்பெடுப்பதுதான் வழக்கம். நடத்துகிறவர் குறிப்பெடுத்து அன்றுதான் பார்த்தேன். இத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று முகாம் அறிக்கையில் எழுதியிருப்பார்கள். என் கணக்கில் அன்று புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர். அவர் மேடையில் இருந்தார். இந்தப் பெண்களிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பதை வங்கி அன்று படித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு பாஸ்புக் என் வாசலுக்கு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு, மகளின் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குக் கல்லூரி கெடு வைத்திருந்த நேரம். கம்பெனி பஸ் விட்டு இறங்கிய கையோடு, பர்தாவைக்கூடக் கழற்றாமல், அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“சார், இத கொஞ்சம் பாருங்க. பணத்த எடுக்கலாம்னு பர்மிஷன் போட்டுட்டு பேங்க்குக்குப் போனா, குடுக்க மாட்டேன்றாங்க. இன்னொரு தடவ கட்டுன்றாங்க.”

கைபேசியில் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. ஆண்டுத் தவணை கட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது, கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகும் என்றது. பத்து ஆண்டுகள் கட்ட வேண்டிய பாலிசி. ஒரே ஒரு தவணையோடு நிறுத்தினால் திரும்ப வருவது பேருந்துக் கட்டணத்துக்குத்தான் காணும்.

“எவ்வளவு போட்டீங்க?”

தொகையைச் சொன்னார். மீதி மூன்று ஆண்டுப் படிப்பும் அதில் இருந்தது. சேமிப்புக் கணக்கில் விட்டு வைத்தது வீட்டுச் செலவுக்கான கொஞ்சம்தான்.

“இது டெபாசிட் இல்லம்மா. இன்சூரன்ஸ்.”

“இன்சூரன்ஸா?” என்று அப்படியே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “அது எங்கள்ல கூடாதே சார்.”

பணம் போனதைவிட அந்தச் சொல்தான் அவரை முதலில் உலுக்கியது. வட்டியைப் போலவே காப்பீட்டையும் அவர்கள் வீட்டில் விலக்கி வைத்திருந்தார்கள்.

“அந்த வார்த்தையே சொல்லல சார். லாபத்துல பங்கு, எப்ப வேணா எடுத்துக்கலாம்னாரு. வட்டி இல்லயேன்னு மூணு தடவ கேட்டேன். அல்லா மேல ஆணையா வட்டி இல்லன்னாரு.”

“வட்டி இல்லன்றது நெஜந்தான்ம்மா. அதுல அவரு பொய் சொல்லல. அதான் பேஜார்.”

“பாலிசிய சரிபாக்கறேன்னு பெங்களூர்லருந்து ஒரு பொண்ணு போன்ல இங்கிலீஷ் கலந்து பேசுச்சு. எல்லாத்துக்கும் ஆமா சொல்லிடுங்கன்னு அவரே முன்னாடி சொல்லி வெச்சிருந்தாரு. நானும் ஆமா ஆமான்னேன்.”

இந்த இடத்தில் எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. கோணல் தையல் ஒன்றைக்கூடத் தப்பவிடாத கண். கீரைக்கட்டைக்கூட அவிழ்த்துப் பார்த்து வாங்குகிறவர். அவர் எப்படி? வட்டி வேண்டாம் என்பதற்குப் பின்னால் பெரிய லாபத்தின் மேல் ஆசை இருந்திருக்கும் என்று நினைத்தேன். தணிக்கைப் புத்தி. கேட்டும் விட்டேன்.

அவர் கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“ஆச இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா லாபத்துக்கு இல்ல. வருஷா வருஷம் பாஸ்புக்க தூக்கினு ஒங்க வாசல்ல வந்து நின்னு, அந்தக் கிண்டல கேக்கறது நின்னா போதும்னு இருந்துச்சு.”

சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. என் மனைவி அங்கிருந்தே சொன்னாள்: “நல்லா வேணும்.”

மக்களுக்குப் பண விஷயம் தெரியாததற்குப் படிப்பின்மைதான் காரணம் என்று முகாம்களில் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று ஒன்றைச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்க்கிறார்கள். என் அப்பா சீட்டுக் கம்பெனிகளைச் சந்தேகப்பட்டார். வேலூரில் யாரோ ஒருவர் சீட்டு நடத்தி ஓடிப்போனதிலிருந்து அந்தப் பேச்சையே வீட்டுக்குள் விடமாட்டார். ஆனால் சேமிப்புப் பத்திரம் பிடித்துத் தருகிறேன் என்று சைக்கிளில் வந்த முகவரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களைக் கொடுத்து வைத்திருந்தார். அவர் சீட்டுக்காரர் இல்லையே. பக்கத்து வீட்டம்மா வட்டியைச் சந்தேகப்பட்டார். வட்டி இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவரைச் சந்தேகப்பட அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் உண்டு. அதற்கு அரசாங்கம் சம்பளமும் கொடுத்தது. ஆனால் அதைக் கிண்டலாகவே பேசிப் பழகியிருந்ததால், என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் பக்கத்து வீட்டவர் கேட்காமல் இருந்துவிட்டார். இதை எந்த முகாமில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

“பத்திரம் எங்கம்மா?”

“குடுக்கவே இல்ல சார். பேங்க்லயே இருக்கட்டும், தேவப்பட்டா வாங்கிக்கலாம்னாரு.”

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பத்திரம் கைக்கு வரவில்லை என்றால் முப்பது நாள் இன்னும் தொடங்கவே இல்லை.

அன்று மாலையே புகார் எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரி மனுக்களுக்கு என்னிடம் ஒரு வாசகம் பழக்கத்தில் உண்டு. எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். ‘கட்டிய தொகை முழுவதையும் உரிய வட்டியுடன்’ என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

“அது வேணாம் சார்.”

“இது வெறும் கேக்கறதுக்குத்தான்ம்மா. வட்டி கேட்டாத்தான் அவங்களுக்கு பயம் இருக்கும்.”

“பயம் வேணாம். மொதல் வந்தா போதும். வட்டிய அடிங்க.”

அடித்தேன். புகார் மனுவில் வட்டியைத் தானாக விட்டுக்கொடுத்த ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. அதைப் படிக்கிறவர்களும் கண்டிருக்க மாட்டார்கள். ஏதோ சூழ்ச்சி என்று நினைப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்தது பெயர். விற்ற அதிகாரியின் பெயரையும், அவர் சொன்ன வார்த்தைகளையும் எழுத வேண்டும். பக்கத்து வீட்டம்மா மாட்டேன் என்றார்.

“அவங்கம்மாவும் நானும் ஒரே பஸ்சுல பக்கத்துல உக்காந்து போறோம் சார். அந்தப் பையனுக்குப் பொண்ணு பாத்துனு இருக்காங்க. பேர் கெட்டுச்சுன்னா எந்த வூட்ல குடுப்பாங்க?”

“உங்க பொண்ணு படிப்பும் அதே பையன் கையாலதான் நிக்குது.”

“தெரியும். பேரு வேணாம்.”

பெயர் இல்லாத புகார் பாதிப் புகார். அதையும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். பெயர் இல்லாமல், பத்திரம் வந்து சேரவில்லை என்ற ஒற்றைக் காலில் மனுவை நிறுத்திக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

கல்லூரிக் கெடு காத்திருக்கவில்லை. அவர் கையில் நான்கு தங்க வளையல்கள் இருந்தன. அடகு வைக்கச் சொன்னேன். புகார் ஜெயித்தால் மீட்டுக்கொள்ளலாம். அடகு என்றால் வட்டி என்றார். பள்ளிவாசல் ஜமாத்தில் நகை மேல் வட்டியில்லாக் கடன் தருகிறார்களே என்றேன். அங்கே என்ன தேவை என்று விசாரிப்பார்கள், சொன்னால் அந்தப் பையன் பெயர் மாலைக்குள் பஜாருக்கு வந்துவிடும் என்றார். எனவே விற்றார். தேய்மானம், செய்கூலி என்று நகைக்கடைக்காரர் கழித்தது போகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்க் கட்டணத்தைக் கட்டினார். என் கணக்குப்படி அது சுத்த நஷ்டம். ஆனால் இந்த முறை கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டுக்கு விற்க ஏதும் மிச்சமில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

புகாருக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது இன்னொரு விதி. முதலில் வந்தது, உங்கள் மின்னஞ்சல் எங்களுக்கு முக்கியம் என்ற தானியங்கிப் பதில். நினைவூட்டல் அனுப்பினேன். மீண்டும் அதுவே வந்தது. நாங்கள் அவர்களுக்கு அதே அளவு முக்கியமாகவே இருந்தோம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு வரி வந்தது. பத்திரம், விண்ணப்பத்தில் தந்த மின்னஞ்சல் முகவரிக்கு உரிய காலத்தில் அனுப்பப்பட்டு, திறந்து படிக்கவும் பட்டிருக்கிறது. எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

பக்கத்து வீட்டம்மாவுக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது.

“அப்ப யாரு படிச்சாங்க?” என்றார். கேட்ட பிறகு அவரே பதில் தெரிந்தவர் போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“இப்பவாவது பேர எழுதலாமா?”

“வேணாம் சார்.”

ஒரு வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்த நேரம். தொப்பியோடு அந்த அதிகாரியே எங்கள் வாசலில் வந்து நின்றார். மிரட்ட வந்திருக்கிறார் அல்லது சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரச் சொல்லாமல் பேசினேன்.

“காலா என் பேர போடலன்னு எங்க அம்மி சொன்னாங்க சார்.”

“அதுக்கு நன்றி சொல்ல வந்தியாப்பா?”

“இல்ல சார். அந்த மெயில் ஐடி என்துதான். எழுதித் தர்றேன்.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் கொண்டுவருகிறவரைவிட ஒப்புதல் கொண்டுவருகிறவரிடம் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

“இப்ப எதுக்கு?”

“அந்த வேலைய வுட்டுட்டேன் சார். போன வருஷம் மார்ச் கடசில டார்கெட் முடிக்காம யாரும் வெளிய போகக்கூடாதுன்னு மேனேஜர் ஷட்டர எறக்கிட்டாரு. எனக்கு இன்னும் ஒண்ணு குறையுது. காலா கேட்டது ஞாபகம் வந்துச்சு.”

“இப்ப எங்க வேல?”

“வேற கம்பெனி. பர்சனல் லோன்.”

“அதுல வட்டி உண்டா?”

“ஜாஸ்தியே உண்டு சார்” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினேன்.

தன் கையாலேயே எழுதினார். மின்னஞ்சல் முகவரி தன்னுடையது, பத்திரத்தைத் திறந்து பார்த்தது தான், வாடிக்கையாளரிடம் சேர்ப்பிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். அடையாள அட்டையின் நகலும் வாங்கினேன். அவர் போன பிறகு, மேலாளர் மேல் பழியைத் திருப்பப் பார்க்கிறாரா, பெண் பார்க்கும் இடத்தில் யாராவது விசாரித்துவிட்டார்களா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஒருத்தரு நல்லது பண்ணாக்கூட ஒங்களுக்கு ரசீது வேணும்” என்றாள் மனைவி.

ஏன் எழுதித் தந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல மனம்தான் என்று ஏற்றுக்கொள்ள என் தொழில் என்னைப் பழக்கவில்லை.

காகிதத்தைக் காட்டியபோது பக்கத்து வீட்டம்மா கேட்டது ஒன்றுதான்: “இதால அவனுக்கு எதுனா ஆவுமா?”

“ஆகலாம். விற்பனை உரிமத்த ரத்து பண்ணலாம். புது வேலைக்கும் சொல்லி அனுப்பலாம். பண்ணுவாங்களான்னு எனக்குத் தெரியாது.”

“டார்கெட்டுன்னு சொன்னானா?”

“சொன்னார்.”

“எங்க லைன்லயும் மாசக் கடசில அப்டித்தான் சார். கோணலா இருந்தாலும் வுடுன்னு சூப்பர்வைசர் தலைக்கு மேல நிப்பாரு.”

“நீங்க வுடுவீங்களா?”

அவர் காகிதத்தை மடித்து என் மேசை மேல் வைத்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று போனார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பையனின் அம்மா பக்கத்தில் எப்போதும் போல உட்கார்ந்து போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. மாலையில் வாசலில் நின்றபடியே, “அனுப்புங்க சார். அவங்கம்மாவே அனுப்பச் சொல்லிட்டாங்க” என்றார்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும், நகலைக் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்பினேன். மின்னஞ்சல் முகவரியாக இம்முறை மகளுடையதைக் கொடுத்தோம். என்னுடையதைத் தருவதாகச் சொன்னேன். வேண்டாம், அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அந்தப் பெண் வகுப்பு இடைவேளையில் தினமும் திறந்து பார்த்து, ‘இன்னும் இல்ல அம்மி’ என்று செய்தி அனுப்புவாள். காத்திருந்த மாதங்களில் தொழிற்சாலைக் கேண்டீனில் இன்னொரு முகாம் நடந்தது. இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டம்மா போயிருந்தார். வேறு வங்கி, வேறு அதிகாரி, அதே பேனர் நிறம். கேள்வி நேரத்தில் எழுந்து, இதற்கு முப்பது நாளில் திருப்பிக் கொடுக்கிற விதி உண்டா என்று மட்டும் கேட்டாராம். அதிகாரி பேனாவை எடுக்கவில்லையாம்.

பதில் வந்த அன்று மகள் கல்லூரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கைபேசியை நீட்டினாள். சிறப்பு நேர்வாகக் கருதி, எந்தத் தவற்றையும் ஒப்புக்கொள்ளாமல், முத்திரைச் செலவைக் கழித்துக்கொண்டு, கட்டிய தொகை திருப்பித் தரப்படுகிறது என்றிருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். அனுப்பியவர் முகவரியைச் சரிபார்த்தேன். பணம் கணக்கில் ஏறும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் அதற்குள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். கன்வேயர் சத்தத்தில் அவர் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னாராம். பணம் பிறகு ஏறியது. மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் போதும். வளையல்கள் விற்ற விலைக்கு இப்போது இரண்டுகூட வாங்க முடியாது. அந்தப் பேச்சை யாரும் எழுப்பவில்லை. புகாரின் நகல்களைக் கட்டி வைக்கும் முன் மேல் தாளில் நான் எழுதியது ஒரே ஒரு குறிப்பு: பதில் கைக்குக் கிடைத்த நாள், பிப்ரவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை.